துணிக்காரத் தெருவின் வாசற்படி

மூணு மணி அடிச்சிடுச்சு. பன்னெண்டு பேர் வந்திருக்காங்க. பதிமூணாவதா அந்த அம்மா, மதாம் ஒப்ரி, கும்பலுக்குக் கடைசியில, சாம்பல் கலர் கோட்டும் கையில தடிச்ச நோட்டுமா நிக்கிறாங்க. சிரிக்கவும் இல்ல, முறைக்கவும் இல்ல, அதுதான் பயமா இருக்கு. திட்டற ஆளைச் சமாளிச்சுடலாம், பேசாம எழுதற ஆளை என்ன பண்றது? அடியே புனிதவதி, மூச்சை இழுத்து விடு. காலையில பஸ்ஸெடுக்கக் கிளம்புறப்போ வீட்டுக்காரர் என்ன சொன்னார், 'தூக்கத்துலகூட இந்தத் தெருவைப் பத்தி உளர்றவ நீ, போய்ப் பேசிட்டு வா, அவ்வளவுதானே'ன்னார். அவருக்கென்ன, மூணாம் நம்பர் பஸ்ஸு, போன வழியிலேயே திரும்பி வரும். எனக்கு இது மூணாவது தடவை. நாலாவது கிடையாதுன்னு கடிதாசியிலேயே எழுதிட்டாங்க. இந்தப் பழைய வியாபாரிங்க பேட்டையை ஒரு மணி நேரம் சுத்திக் காட்டி, அந்த அம்மா நோட்டுல சரின்னு எழுதினா கழுத்துல தொங்கவிடற வழிகாட்டி அட்டை. எழுதலைன்னா திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு மறுபடியும் ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல், கீழ்த்தளம், துணி ரூம், ஜன்னல் கிடையாது, மலை மலையாப் படுக்கை விரிப்பு. ஒம்பது வருஷமா மடிச்சுட்டேன். மடிச்சு மடிச்சு என் கை பிளீச்சிங் வாசனை அடிக்குது, மல்லிப்பூ தொட்டாலும் அந்த வாசனைதான். கை குலுக்கறப்போ அந்த அம்மாவுக்கும் அடிச்சிருக்கும். அடிக்கட்டும், போ. வாயைத் திற. "போன்ழூர், எல்லாரும் வாங்க, என் பேரு புனிதா, இப்ப நாம எண்ணூறு வருஷம் பின்னாடி நடக்கப் போறோம்." அப்பாடா, குரல் வந்துடுச்சு. முதல் தடவை இந்த இடத்துலேயே காத்துதான் வந்தது.

துணிக்காரத் தெருன்னு பேரு நான் வெச்சது. அவங்க பேரும் அதேதான், அவங்க பாஷையில. எனக்குள்ள நான் எல்லாத்தையும் தமிழ் பண்ணி வெச்சிருக்கேன், துணிக்காரத் தெரு, மிளகுச் சந்து, தோல் மண்டி. பன்னெண்டு பேரும் அண்ணாந்து பாக்கறாங்க. பாருங்க, நல்லா பாருங்க, எனக்கே இன்னும் அலுக்கல. கீழ்த்தளம் கல்லு, அதுக்கு மேல ஓக் மரச் சட்டம் குறுக்கும் நெடுக்குமா, சட்டத்துக்கு நடுவுல மண்ணும் வைக்கோலும் குழைச்சு அப்பின செவுரு, ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிட ஒரு சாண் முன்னாடி துருத்திக்கிட்டு. மேல போகப் போக ரெண்டு பக்கத்து வீடும் நெருங்கி நெருங்கி, மூணாவது மாடியில எதிர் வீட்டுக்காரிக்கு ஜன்னல் வழியா உப்பு கொடுத்து வாங்கலாம். சொல்றேன், கொல்லுன்னு சிரிக்கறாங்க. அந்த அம்மா எழுதறாங்க. உப்புக்கு ஆதாரம் இருக்கான்னு எழுதறாங்களோ? ஐயோ, அது சும்மா ஒரு பேச்சு மதாம். நான் முதல்முதலா இந்தத் தெருவுக்குள்ள வந்தது வழி தப்பித்தான். காரைக்கால்ல இருந்து கல்யாணமாகி வந்த முதல் குளிர், பாஷை தெரியாது, ரொட்டி வாங்கப் போய்த் திரும்பத் தெரியாம இங்க வந்து முட்டிக்கிட்டு நின்னேன். அழுகை வர்ற நேரம். அப்பத்தான் இந்த வீட்டு நிலைக்கு மேல செதுக்கியிருக்கிற குறியைப் பாத்தேன். நேர்க்கோடு ஒண்ணு, குறுக்குக்கோடு ஒண்ணு, கீழ ரெண்டு வட்டம். பாத்ததும் அழுகை நின்னுடுச்சு. அட, இது நம்ம துணிக்குறியாச்சே! அப்பா ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் சேங்கொட்டை மையில ஓரத்துல போடுவாரே, வாத்தியார் வீட்டுக்கு மூணு புள்ளி, டாக்டர் வீட்டுக்குச் சூலம் மாதிரி ஒண்ணு, பெரிய வீட்டுக்குப் பெருக்கலும் ரெண்டு வட்டமும். எழுதப் படிக்கத் தெரியாது அப்பாவுக்கு, ஆனா அறுபது வீட்டுத் துணி ஒரே தொறையில ஒண்ணாக் காயும், ஒரு துண்டு மாறிப் போனதில்ல. "இது வியாபாரியோட குறி. மூட்டையில, பெட்டியில, கிடங்கு வாசல்ல, எல்லாத்துலயும் இதையே போடுவாங்க. எழுத்து தெரியாத சுமைக்காரங்ககூடச் சரியான வீட்டுல சரியான மூட்டையை இறக்கணுமே, அதுக்காக." இதைச் சொல்லிட்டேன். அப்பாவைப் பத்திச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? இவங்க எல்லாம் எண்ணூறு வருஷத்தைப் பாக்க வந்திருக்காங்க, காரைக்கால் சலவைத் தொறையைப் பாக்க வரல.

இரும்புக் கம்பி வந்துடுச்சு. இங்கதான் முதல் தடவை நாலு நிமிஷம் ஊமையா நின்னேன். நினைச்சாலே நாக்கு ஒட்டிக்குது. செவுத்துல கண்ணு மட்டத்துக்குப் பதிச்சு வெச்சிருக்கிற கம்பி, ரெண்டு முனையும் வளைஞ்சிருக்கும், அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனா என்ன மாதிரி சமாச்சாரம்! வடக்கேயிருந்து கம்பளித் துணி கொண்டு வர்றவன் ஒரு அளவு சொல்லுவான், தெற்கேயிருந்து வர்ற இத்தாலிக்காரன் ஒரு அளவு சொல்லுவான், ஆளுக்கு ஒரு கை நீளம். இந்த ஊர்க்காரங்க பாத்தாங்க, 'உன் கையும் வேணாம், என் கையும் வேணாம், இதோ செவுத்துல இருக்கு பாரு, இதுதான் அளவு'ன்னு பதிச்சுட்டாங்க. யார் வேணாலும் வந்து தன் துணியை இதுல வெச்சுப் பாத்துக்கலாம். ஏமாத்தினா ஊர் நடுவுல தெரிஞ்சுபோகும். எனக்கு இதைப் பாக்கறப்பல்லாம் உடம்பு சிலிர்க்கும். ஒருத்தன் பாஷை ஒருத்தனுக்குத் தெரியாது, ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு நம்பிக்கை கிடையாது, நடுவுல ஒரு கம்பி நின்னு எல்லாருக்கும் பொதுவாப் பேசியிருக்கு. அன்னிக்கு இவ்வளவும் நெஞ்சுல நின்னுச்சு, வாய்க்கு வரல. கம்பிக்கு அவங்க பாஷையில ஆம்பளைச் சொல்லா பொம்பளைச் சொல்லான்னு சந்தேகம் வந்து, அதைப் பிடிச்சுக்கிட்டு அங்கயே தொங்கினேன். இன்னிக்கு எது வந்தா என்னன்னு கையை நீட்டிக் கம்பி மேல வெச்சேன். முழங்கையிலேருந்து நடுவிரல் வரைக்கும் ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. "எங்க ஊர் அளவுல ரெண்டு முழத்துக்கு அஞ்சாறு விரல் கம்மி. பூவெல்லாம் நாங்க இன்னும் இப்படித்தான் வாங்கறோம். அதான் கைநீளம் ஜாஸ்தியுள்ள பூக்காரியாப் பாத்து வாங்குவோம்." விழுந்து விழுந்து சிரிக்கறாங்க. சுவிஸ்லேருந்து வந்திருக்கிற வயசானவர், காதுல மிஷின் வெச்சிருக்கார், அவர் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக் கம்பியில வெச்சு அளக்கறார். பாத்தியா, பேசிட்டேன். நாலு நிமிஷம் நின்ன எடத்துல நாலு நிமிஷம் பேசிட்டேன்.

மிளகுச் சந்து. இங்க சத்தத்தைக் குறைக்கணும், மேல குடித்தனம் இருக்கு. சந்தை கூடற வாரங்கள்ல இந்தச் சந்து எப்படி இருந்திருக்கும்னு சொல்லிக்கிட்டே நடக்கறேன். மிளகு, பட்டை, இஞ்சி, பட்டு, சாயச் சரக்கு. மிளகு எங்க பக்கத்துக் கடல் தாண்டி வந்த சரக்குதான், எத்தனை கை மாறியிருக்கும், அங்க ஒரு கொடியிலேருந்து பறிச்சவளுக்கு இந்தச் சந்து இருக்கிறதே தெரியாது. துணி விக்கிற நாளெல்லாம் முடிஞ்சதும் காவல்காரங்க தெருத் தெருவா 'ஆர்! ஆர்!'னு கத்திக்கிட்டுப் போவாங்களாம், அதோட துணிக்கடை கட்டியாகணும், அப்புறம் ஒரு முழம் விக்கக் கூடாது. சந்தைக்கு வர்ற வழியில ஒரு வியாபாரியை எவனாவது கொள்ளையடிச்சு, அவன் ஊர்க்காரங்க நியாயம் பண்ணலைன்னா, அந்த ஊர்லேருந்து ஒருத்தனையும் சந்தைக்குள்ள விட மாட்டாங்க. கத்தி எடுக்கல, படை அனுப்பல, 'வராதே'ன்னு சொன்னாங்க, அந்தச் சொல்லுக்கு ஊரே நடுங்கிச்சு. அடேங்கப்பா, என்ன புத்திசாலிங்க! ரெண்டாவது தடவை இதோ இந்தக் கிணத்துகிட்டதான் கோட்டை விட்டேன். எல்லாம் ப்ரெவோ பண்ணின வேலை. முப்பது வருஷம் இங்க வழிகாட்டியா இருந்து ஓய்ஞ்ச மனுஷன், நல்லவர்தான், ஆனா 'தெரியாத எடத்துல ஒரு கதை போடு புனிதா, கேக்கறவங்க சந்தோஷமாப் போவாங்க'ன்னு சொல்லிக் கொடுத்துட்டார். நானும் போட்டேன். மிளகு வியாபாரி மக இந்தக் கிணத்துல விழுந்தா, அமாவாசைக்கு அமாவாசை கொலுசு சத்தம் கேக்கும்னு. கொலுசு! இந்த ஊர்ல எவ கொலுசு போட்டா? எல்லாரும் வாயைப் பொளந்து கேட்டாங்க, மதாம் ஒப்ரி மட்டும் ஒரே ஒரு வார்த்தை கேட்டாங்க. "ஆதாரம்?" அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு வேர்த்த வேர்வை, குளிர் காலத்துல. இன்னிக்குக் கிணத்தைப் பாத்து, இது கிணறு, ஆழம் இவ்வளவு, தண்ணி இப்ப இல்லன்னு மட்டும் சொல்லிட்டு நடையைக் கட்டினேன். அந்த அம்மா பென்சிலை எடுக்கல. நல்லதா கெட்டதா, தெரியல.

சுத்தித் துணிக்காரத் தெருவுக்கே திரும்பி வந்துட்டோம், இன்னும் ஒண்ணுதான் பாக்கி, கிடங்கு. அது முடிஞ்சா முடிஞ்சுது. வீடெல்லாம் மரம்ங்கிறதால இந்தப் பேட்டை தீப்பிடிச்சு எரிஞ்சிருக்கு, மறுபடி கட்டியிருக்காங்க, ஆனா பூமிக்கடியில இருக்கிற கல்லு கிடங்குங்க மட்டும் அப்படியே நிக்குது. மேல இருக்கிறது பேரப்புள்ளைங்க, கீழ இருக்கிறதுதான் பூர்வீகம். தெருவுலேருந்தே கிடங்குக்கு இறங்க ஒரு சின்ன வாசல், ஒரு ஆள் அகலம்தான், வாசல்ல ஒரு படிக்கல். இதுதான் என் உசிரு. சுத்திலும் கயிறு கட்டி, விளக்கு போட்டு, குழந்தை மாதிரி காப்பாத்தறாங்க அந்தக் கல்லை. கயித்தை அவுத்துட்டு எல்லாரையும் குனிஞ்சு பாக்கச் சொன்னேன். "கல்லுக்கு நடுவுல குழி விழுந்திருக்கு பாருங்க, மூணு விரல் ஆழம். யாரும் செதுக்கினதில்ல. எண்ணூறு வருஷமா வியாபாரிங்க கால் பட்டுப் பட்டுத் தேஞ்சது." விளக்கைப் போட்டுட்டு முன்னாடி இறங்கினேன். நாலு படி இறங்கிட்டுத் திரும்பிப் பாக்கறேன், என்னடா ஒரு சத்தமும் காணோமேன்னு. தூக்கிவாரிப் போட்டுச்சு. பன்னெண்டு பேரும், பெரிய பெரிய மனுஷங்க, ஒவ்வொருத்தரா காலை முட்டி வரைக்கும் தூக்கி, படிக்கல்லைத் தொடாம, தாண்டித் தாண்டி வராங்க. சுவிஸ்காரர் பொண்டாட்டிக்குக் கை கொடுத்துத் தாண்ட வைக்கறார். நாய்க்குட்டி வெச்சிருக்கிற பொண்ணு நாயைத் தூக்கி இந்தப் பக்கம் விடறா. ஐயோ தெய்வமே. நான் தாண்டியிருக்கேன்! வாசப்படின்னா என் கால் தானாத் தாண்டும், எந்த வாசப்படியா இருந்தாலும், பேங்க்கா இருந்தாலும் ஆஸ்பத்திரியா இருந்தாலும், நிலைன்னு ஒண்ணு இருந்து கீழ ஒரு கல்லோ கட்டையோ இருந்தா மிதிக்க மாட்டேன். பதினோரு வருஷமா இந்தக் கிடங்கைப் பாக்க வர்றேன், போறேன், இந்தக் கல்லுல ஒரு நாள்கூடக் கால் வெச்சதில்லைன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது. நான் தாண்டினதைப் பாத்துட்டு இது இங்கத்து விதின்னு நினைச்சுக்கிட்டு கும்பலே தாண்டுது. கடைசியா மதாம் ஒப்ரி. கல்லு மேல ஓங்கிக் கால் வெச்சு, இறங்கி, நோட்டைப் பிரிச்சு எழுதினாங்க. நீளமா எழுதினாங்க.

கிடங்குல எப்பவும் ஒரே குளிர், வெயில் காலம்னாலும் மழைக் காலம்னாலும். கல்லு வாசனை, ஈர மண் வாசனை, அதுக்கடியில வேற ஏதோ ஒரு வாசனை, எனக்கு அது பழைய சாக்கு வாசனையாத்தான் படும். நாலு தூணு, தூணுலேருந்து வளைவு கிளம்பி மேல போய் நடுவுல ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. சாந்து கம்மி, இரும்பு கிடையாது, ஒரு கல்லு இன்னொரு கல்லு மேல சாஞ்சு, அது விழாம இது, இது விழாம அது. சரக்கு வைக்கிற எடத்துக்கு இவ்வளவு அழகு எதுக்கு? கோயில்ல கட்டற வளைவை மூட்டை அடுக்கற எடத்துல கட்டியிருக்காங்களே, அந்த மனசு எனக்குப் பிடிச்சிருக்கு. சொல்லிக்கிட்டே போறேன், வாய் தன்னால போகுது, மனசு படியிலேயே நிக்குது. கேட்டுடுவாங்களா? யாராவது கேட்டுடுவாங்களா? கேக்காதீங்க, தயவு பண்ணிக் கேக்காதீங்க, இன்னும் அஞ்சு நிமிஷம்தான், சந்தைக்காரங்க ஈரம் படாம இருக்கக் கம்பளி மூட்டையை மரத்தட்டு மேல அடுக்குவாங்கன்னு சொல்லி முடிச்சுட்டா வணக்கம் வெச்சுடலாம். "ஏதாவது கேக்கணுமா?" இதைக் கேக்காம விட்டா மார்க்கு போகும், கேட்டுத்தான் ஆகணும். சுவிஸ்காரர் கையைத் தூக்கிட்டார். பாவி மனுஷா. "மதாம், வாசல்ல அந்தக் கல்லை ஏன் தாண்டணும்? அது அந்தக் காலத்து வியாபாரிங்க வழக்கமா?" நல்ல சத்தமாக் கேட்டார், காது மந்தமாச்சே, கிடங்கு முழுக்க எதிரொலிச்சுது. தூணுகிட்ட நின்ன மதாம் ஒப்ரி பென்சிலை நோட்டு மேலயிருந்து எடுத்துட்டு என்னைப் பாத்தாங்க.

ஆமாம்னு சொல்லிட்டா என்ன? ப்ரெவோ காதுக்குள்ள சிரிக்கிறார். சந்தைக் காலத்துல வாசக்கல்லை மிதிச்சா சரக்கு விக்காதுன்னு ஒரு நம்பிக்கை, அப்படின்னு எடுத்து விட்டா இந்தப் பன்னெண்டு பேரும் ஊருக்குப் போய்ச் சொல்லுவாங்க. வேணாம், ஒரு தடவை கொலுசு போட்டது போதும். கல்லு தேஞ்சிருக்குன்னு இப்பத்தானே சொன்ன, எல்லாரும் தாண்டினா கல்லு எப்படிடி தேயும்? உண்மையைச் சொல்லு. "இல்லைங்க, இது இங்கத்து வழக்கமில்ல, என் பழக்கம். நான் பிறந்த ஊர்ல வாசப்படியில லட்சுமின்னு ஒரு தெய்வம் இருக்குன்னு சொல்லுவாங்க. அதனால மிதிக்க மாட்டோம். உங்களையெல்லாம் தாண்ட வெச்சதுக்கு மன்னிச்சுக்குங்க." ஆ...ன்னு ஒரு சத்தம், எல்லார் முகத்துலயும் சிரிப்பு, நாய்க்குட்டிக்காரி நெஞ்சுல கை வெச்சுக்கிட்டா, எவ்வளவு அழகுன்னு ஒருத்தி சொல்றா. தப்பிச்சேன்டா சாமி. தப்பிச்சேனா? அந்த அம்மா இன்னும் என்னையே பாக்கறாங்க. "அதுதான் காரணமா, மதாம்?" அவ்வளவுதான் கேட்டாங்க, மிரட்டல் எதுவும் பண்ணல. அதுதான் காரணமா? ஏழு வயசு எனக்கு. அப்பா தோள்ல பெரிய மூட்டை, என் தலையில சின்ன மூட்டை, பெரிய வீட்டுக்குப் போறோம். கொல்லைப்பக்கம் வழியாத்தான் எப்பவும் போவோம். அன்னிக்கு மழை, கொல்லையில முழங்கால் தண்ணி, நான் குறுக்கே ஓடி முன்வாசல் படியில ஏறி நின்னுட்டேன், நனையாம இருக்கட்டுமேன்னு, துணி நனையாம இருக்கட்டுமேன்னு. அந்த வீட்டம்மா பொல்லாதவங்க இல்ல, எனக்கு முறுக்கெல்லாம் கொடுப்பாங்க, 'அடி, படியை விட்டு இறங்குடி'ன்னு மட்டும் சொன்னாங்க, அப்புறம் ஒரு வாளித் தண்ணி கொண்டாரச் சொல்லிப் படியைக் கழுவச் சொன்னாங்க. மழை கொட்டிக்கிட்டிருக்கு, நனைஞ்ச படிக்கு மேல தண்ணி ஊத்திக் கழுவறாங்க. அப்பா மூட்டையை இறக்காம நின்னுக்கிட்டே இருந்தார். ராத்திரி சோறு போடறப்போ நான் கேட்டேன், ஏம்மா படியில நிக்கக் கூடாதுன்னு. அம்மா கரண்டியைக் கீழ வெச்சா. அப்புறம், 'படியில லட்சுமி இருக்காடி, யாருமே மிதிக்கக் கூடாது, அதான்'னா.

யாருமேன்னு சொன்னா பாருங்க, அதுல இருக்கு எல்லாம். யாரும் மிதிக்க மாட்டாங்கங்கறது நிஜம்தான், ஆனா அவங்கல்லாம் தாண்டி உள்ள போவாங்க, நாங்க தாண்டவே கூடாது. எனக்கு வலிக்கக் கூடாதுன்னு அம்மா அதுக்கு ஒரு தெய்வத்தைக் கொண்டு வந்து வெச்சுட்டா, நானும் முப்பத்தி நாலு வருஷமாத் தெய்வத்தைத் தாண்டிக்கிட்டிருக்கேன். இதை நான் மனசுக்குள்ளதான் நினைச்சேன்னு நினைச்சேன். பாத்தா வாய் பேசிக்கிட்டிருக்கு. அப்பாவோட மூட்டை, துணிக்குறி, மழை, வாளி, அம்மா, எல்லாம் வருது, ஆம்பளைச் சொல்லு பொம்பளைச் சொல்லு எதையும் பாக்காம கொட்டுது. "எங்கப்பா துணி வெளுக்கறவர். நாங்க மூட்டை கொண்டு போற வீடுங்கள்ல வாசப்படியைத் தொடக் கூடாது. லட்சுமின்னு சொன்னது அழகான காரணம். நிஜமான காரணம் இது." போச்சு, எல்லாம் போச்சு. வியாபாரிங்க பேட்டையைக் காட்டறேன்னு கூட்டி வந்து என் வீட்டு அழுக்கு மூட்டையைப் பிரிச்சுக் காட்டிட்டேன். ஒருத்தரும் அழகுன்னு சொல்லல இப்ப. சுவிஸ்காரர் காது மிஷினைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டார், அப்புறம் என்கிட்ட வந்து ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சார், பிளீச்சிங் வாசனை அடிக்கிற கையை. எல்லாரும் மெர்சி மெர்சின்னு மெதுவாச் சொல்லிக்கிட்டே மேல ஏறினாங்க. மேல வாசல்கிட்ட போனதும் ஒவ்வொருத்தரா நிக்கறாங்க, தாண்டறதா மிதிக்கறதான்னு தெரியாம. சிரிப்பு வந்துடுச்சு எனக்கு, அழுகையோட சேர்ந்து.

விளக்கை அணைக்கப் போனேன். "இருங்க"ன்னாங்க மதாம் ஒப்ரி. வந்துடுச்சு தீர்ப்பு. திங்கக்கிழமை ஆறு மணி, கீழ்த்தளம், சரி, செத்தா போயிடுவோம்? "வியாபாரிங்க கால் பட்டுத் தேஞ்ச கல்லுன்னு சொன்னீங்க. ஆதாரம்?" அதே வார்த்தை. எனக்கு வேர்க்கல இந்தத் தடவை. "உங்க புத்தகம், மதாம். பதினேழாம் பக்கம்." இந்தப் பேட்டையைப் பத்தி நகரசபை போட்ட சின்னப் புத்தகம் அந்த அம்மா எழுதினது, எனக்கு மனப்பாடம், வரி வரியா. அந்த அம்மா முகத்துல முதல் தடவையா ஏதோ ஒண்ணு அசைஞ்சுது. "அதை எழுதறப்போ எனக்கு இருபத்தெட்டு வயசு. அந்த வரிக்கு மட்டும் ஆதாரம் கிடையாது. கேக்க நல்லா இருக்கேன்னு எழுதினேன். இத்தனை வருஷத்துல யாரும் கேக்கல." நோட்டை மூடினாங்க. "மேல போங்க. போய்க் கல்லுல கால் வெச்சுப் பாருங்க. பாத்துட்டு, யார் கால்னு நீங்க சொல்லுங்க." என்ன மதாம் விளையாடறீங்களான்னு கேக்க வாய் வந்துச்சு. ஏறினேன். பதிமூணு படி, ஏறி ஏறி வாசலுக்கு வந்துட்டேன், வெளியே துணிக்காரத் தெரு வெயில்ல கிடக்குது. கால் தன்னால தூக்குது. தூக்கின கால் அந்தரத்துல நிக்குது, கொக்கு மாதிரி. அம்மா, கோவிச்சுக்காதே. செருப்பைக் கழட்டினேன். வெச்சேன்.

சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் கால் நகருது. நான் நகர்த்தல, கல்லு நகர்த்துது. மேலேயிருந்து பாக்கறப்போ நடுவுல வட்டமா இருக்கிற குழி, கால் வெச்சா வட்டமே இல்ல, குழியோட அடி செவுத்துப் பக்கமா சரிஞ்சிருக்கு, பாதம் தானாப் பக்கவாட்டுல திரும்புது. பாதம் திரும்பினதும் இடுப்பு திரும்புது, இடுப்பு திரும்பினதும் வலது தோள் போய்ச் செவுத்துல உரசுது, இடது தோள் சும்மா இருக்க முடியாம மேல தூக்கிக்கிட்டு எதையோ தேடுது. இது எனக்குத் தெரியும். ஐயோ, இது எனக்கு நல்லாத் தெரியும். கொல்லைப்பக்கத்துக் குறுகின வாசல்ல அப்பா இப்படித்தான் நுழைவார், தோள்ல மூட்டை அகலம், வாசல் ஒடுக்கம், நேரா நுழைய முடியாது, பக்கவாட்டுல ஒருக்களிச்சு, ஒரு கையால செவுத்தைப் பிடிச்சு, பாதத்தைக் குறுக்கா வெச்சு. கையை வீசிக்கிட்டு வர்ற வியாபாரி எதுக்கு இப்படிக் கால் வைக்கப் போறான்? அவன் நேராத்தான் வைப்பான். எண்ணூறு வருஷமா இந்தக் கல்லைத் தேய்ச்சவங்க சுமை தூக்கறவங்க. பேரு இல்ல, குறி இல்ல, நிலைக்கு மேல எவனும் செதுக்கி வைக்கல, மூட்டையை இறக்கிட்டுப் போயிட்டாங்க, கால் மட்டும் இங்கேயே இருக்கு. அந்தக் காலுக்குத்தான் இந்த ஊரு கயிறு கட்டி விளக்கு போட்டு வெச்சிருக்கு, யார் காலுன்னு தெரியாமலே. "மூட்டைக்காரங்க, மதாம்," கீழ பாத்துக் கத்தினேன், சத்தம் போடக் கூடாதுங்கறதெல்லாம் மறந்து போச்சு. "வியாபாரி இல்ல. மூட்டை தூக்கினவங்க." மதாம் ஒப்ரி படியில பாதி ஏறி வந்து நின்னாங்க. "ஆதாரம்?" என் முகத்துல அப்ப என்ன இருந்துச்சோ தெரியாது. "என் கால்"னேன். அந்த அம்மா குனிஞ்சு, திரும்பியிருக்கிற என் பாதத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் காதுக்குப் பின்னாடி செருகியிருந்த பென்சிலை எடுத்து நோட்டைப் பிரிச்சு ரெண்டே வார்த்தை எழுதினாங்க. "அட்டையில ஒட்டப் போட்டோ கொண்டு வந்திருக்கீங்களா?" இருக்கு மதாம், மூணு தடவையும் கொண்டு வந்த அதே போட்டோ, பையில இருக்கு, எடுத்துத் தர்றேன். கொஞ்சம் இருங்க. நான் இன்னும் படியிலேயே நிக்கிறேன்.